பரிவின் வரவு

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையில் ஏறியபோது பறிபோன உயிர்கள் 8 ஆயிரத்தை ஒட்டி இருக்கும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6 ஆயிரத்துக்கு மேல். அந்த வாரங்களில் உதவிக்கு ஓடிவந்தவர்களைப் பற்றி நிறைய எழுதினார்கள்: ராணுவம், கல்லூரி மாணவர்கள், சினிமாக்காரர்கள், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்கள். அதிகம் பேசப்படாத ஒரு கூட்டமும் அங்கே இருந்தது. ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் தொண்டர்கள். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல் தாண்டி வந்தவர்களுக்காக, தந்தை செல்வா என்று அழைக்கப்பட்ட எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மகன் எஸ்.சி. சந்திரகாசன் 1984இல் தொடங்கிய அமைப்பு அது. அதன் தொண்டர்கள் முகாம்களில் வாழ்ந்த அகதிகளே. முகாம் மக்களுக்காக உளவளத்துணைப் பயிற்சி பெற்றிருந்த சிலர், அந்தப் பயிற்சியோடு கரையோர ஊர்களுக்குப் போனார்கள்.

அப்படிப் போவது அவர்களுக்கு எவ்வளவு சிரமம் என்பது கும்மிடிப்பூண்டி முகாமைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். சென்னையிலிருந்து ஜிஎன்டி சாலையில் வடக்கே போனால் ஆந்திர எல்லைக்கு முன்னால் வரும் பெரிய ஊர் அது. பலருக்கு அது சிப்காட் தொழிற்பேட்டை ஊர். கம்பி உருட்டும் ஆலைகள், உருக்கு உலைகள், லாரி வரிசை. அதே ஊரில் 1990 முதல் ஈழத்தவர் முகாமும் இருக்கிறது, தமிழ்நாட்டின் பெரிய முகாம்களில் ஒன்று. புழலில் இன்னொன்று. முகாம் ஆண்களில் பலருக்குப் பிழைப்பு பெயிண்டிங் வேலை. சென்னையில் எழும்பும் அடுக்குமாடிகளின் சுவர்கள் பலவற்றில் இவர்கள் கை பட்டிருக்கிறது. அரசு கொடுக்கும் பணக்கொடையும் ரேஷன் அரிசியும் உண்டு. அதற்காகப் பதிவு உண்டு, வருவாய்த் துறையின் தணிக்கை உண்டு, க்யூ பிராஞ்ச் போலீஸின் கண்காணிப்பு உண்டு. வெளியூரில் தங்க வேண்டுமென்றால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். ஆக, ஒவ்வொரு மாதமும் வாங்கும் வரிசையில் நிற்கப் பழகியவர்கள், கொடுக்கும் இடத்துக்கு வந்து நின்றார்கள். இதில் அவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

இப்படிக் கேட்பது சிலருக்கு உறுத்தும். அடுத்தவர் துயரத்தில் பங்கெடுத்தவனிடம் போய் உனக்கென்ன லாபம் என்று கேட்கலாமா? நம் மரபு அதை ஒன்றும் அசிங்கமாக நினைக்கவில்லை. தருமம் தலைகாக்கும் என்பதை வழிவழியாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். காப்பது எப்படி, எந்த வழியில், எப்போது காக்காமல் போகிறது என்பதை மட்டும் விட்டுவிட்டோம். கடந்த 60 ஆண்டுகளாக உளவியல் ஆய்வுகள் துருவிக்கொண்டிருப்பது அந்த மூன்றையும்தான்.

அமெரிக்கச் சமூக உளவியலாளர் ஃபிராங்க் ரீஸ்மன் 1965இல் ஒரு சிறிய கட்டுரை எழுதினார். குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர்கள் மற்ற குடிநோயாளிகளுக்கு உதவும் குழுக்களையும் அதுபோன்ற பிற முயற்சிகளையும் பார்த்துவிட்டு அவர் சொன்னது இது: உதவி பெறுபவர் குணமாகிறாரோ இல்லையோ, உதவுபவர் குணமாகிறார். அடுத்தவரைத் தேற்றச் சொற்களைத் தேடுகிறவர் தன் கதையை முதல்முறையாக ஒழுங்குபடுத்திப் பார்க்கிறார்; தன்னால் ஒருவருக்குப் பயன் உண்டு என்பது அவருக்கே ஆதாரத்தோடு தெரியவருகிறது. 1999இல் கரோலின் ஷ்வார்ட்ஸும் மேயர் செண்டரும் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். தண்டுவட மரப்பு நோய் உள்ள ஐந்து பேரைத் தேர்ந்து, அதே நோயுள்ள மற்றவர்களுக்கு மாதந்தோறும் தொலைபேசியில் ஆறுதலாகப் பேச ஏற்பாடு செய்தார்கள். காலப்போக்கில் தொலைபேசியின் மறுமுனையில் இருந்தவர்களைவிட, பேசிய ஐவரின் மனநிலைதான் அதிகம் தேறியிருந்தது. ஐந்து பேரை வைத்துக்கொண்டு உலகத்துக்கு விதி எழுத முடியாது. ஆனால் ரீஸ்மன் காட்டிய திசையிலேயே முடிவு போனது.

துன்பப்பட்டவர்களிடம் இது இன்னும் கூர்மையாக வேலை செய்கிறது என்று ஒரு கருத்து உண்டு. எர்வின் ஸ்டாப் அதற்குத் துன்பத்தில் பிறந்த பிறர்நலம் என்று பொருள்படும்படி பெயர் வைத்தார். ஹங்கேரியில் யூதக் குழந்தையாக நாஜிகளிடமிருந்து தப்பியவர் அவர். அவரும் ஜோஹன்னா ஃபோல்ஹார்ட்டும் சேர்ந்து அமெரிக்க மாணவர்களிடம் செய்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு, நம்முடைய அதே ஆழிப்பேரலை. முன்பு வன்முறையிலோ பேரிடரிலோ அடிபட்டிருந்த மாணவர்கள், எங்கோ ஆசியக் கரையில் தவித்த மக்களிடம் மற்றவர்களைவிடக் கூடுதல் நெருக்கம் உணர்ந்தார்கள்; உதவும் பொறுப்பு தமக்கு உண்டு என்றும் கூடுதலாக நினைத்தார்கள். 2011இல் வந்தது அந்த ஆய்வு. கடல் தாண்டி வந்து மண்டபம் முகாமில் ஈரத் துணியோடு இறங்கி, பெயர் சொல்லி, கைநாட்டு வைத்து, முதல் சோற்றுக்கு வரிசையில் நின்ற ஒருவர், நாகப்பட்டினத்துக் கல்யாண மண்டபத்தில் படுத்துக் கிடந்த மீனவப் பெண்ணிடம் எதைக் கேட்கக் கூடாது என்பதை எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித்தராமலே அறிந்திருப்பார். முகாமில் அவரைப் பற்றிய பதிவேட்டில் அகதி என்ற ஒரு சொல்தான். இங்கே அவர் பட்ட பாடு முதன்முறையாக ஒரு தகுதியாகிறது.

இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். பிறரிடம் பரிவு காட்டினால் நமக்கும் நல்லது என்று வசதியானவர்களைப் பார்த்துத்தான் வழக்கமாகச் சொல்கிறார்கள். ஆனால் அந்த நல்லது அதிகம் தேவைப்படுவது, காலமெல்லாம் வாங்கும் பக்கத்திலேயே நிறுத்திவைக்கப்பட்டவர்களுக்கு. நிவாரணம் கொடுக்கிற அரசோ நிறுவனமோ இதை யோசிப்பதே இல்லை. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு முகாம்களின் பெயரை இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. 317 கோடி ரூபாய்க்குமேல் திட்டங்களும் 7,469 புதிய வீடுகளும் அறிவித்தது. வரவேற்க வேண்டியவைதான். அவற்றிலும் முகாம்வாசி பயனாளியாகவே வருகிறார். அவரால் ஊருக்கு என்ன செய்ய முடியும் என்ற கேள்விக்கு அரசாணையில் இடம் இருப்பதில்லை.

*

உதவினால் மகிழ்ச்சி வரும் என்பதைச் சோதனையாகச் செய்து காட்டியவர்கள் எலிசபெத் டன், லாரா அக்னின், மைக்கேல் நார்ட்டன். 2008இல் வெளியான ஆய்வுக்காகக் கனடாவில் காலையில் சிலரிடம் 5 டாலரோ 20 டாலரோ கொடுத்து, பாதிப் பேரை அவர்களுக்காகவும் மீதிப் பேரை இன்னொருவருக்காகவும் மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். மாலையில் கேட்டபோது பிறருக்காகச் செலவழித்தவர்கள் கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். தொகை 5 ஆனாலும் 20 ஆனாலும் வித்தியாசம் இல்லை. பின்னர் பெரிய எண்ணிக்கையில் செய்து பார்த்தபோது விளைவு முற்றிலும் கரைந்துவிடவில்லை, ஆனால் அளவு சிறியது. எல்லாக் கொடையும் இதைத் தருவதில்லை என்றும் தெரிந்தது. ஒரு பெரிய சர்வதேச நிறுவனத்தின் பொதுநிதிக்குப் போடுவதைவிட, இத்தனை ரூபாய்க்கு ஒரு கொசுவலை, அது ஒரு பிள்ளையின் கட்டிலுக்குப் போகும் என்று சொல்லிக் கேட்டபோது கொடுத்தவருக்கு மனநிறைவு வந்தது. தானாக விரும்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்தது என்ன ஆயிற்று என்று கண்ணில் பட வேண்டும். சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும் நிவாரண நிதி யாரையும் மகிழ்வித்ததில்லை என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

உடம்புக்கும் பயன் உண்டா? ஸ்டெஃபனி பிரவுனும் உடன் ஆய்ந்தவர்களும் டெட்ராய்ட் பகுதியில் வயதான 423 தம்பதிகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2003இல் முடிவு வெளியிட்டார்கள். நண்பர், உறவினர், அயலாருக்குக் கைகொடுத்தவர்களும் துணைவருக்கு மன ஆதரவாக இருந்தவர்களும் இறக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. உதவி பெற்றதற்கு அப்படி ஒரு பலன் தெரியவில்லை. உடம்பு நன்றாக இருப்பவர்தானே உதவ முடியும் என்ற நியாயமான சந்தேகத்தை அவர்கள் கணக்கில் எடுத்துக் கழித்தும் பார்த்தார்கள். இருந்தாலும் இது கவனித்துச் சொன்னது, சோதித்துச் சொன்னது அல்ல. முழுதாக நம்பிவிட வேண்டாம்.

இந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்த முடிவு சாரா கான்ராத் குழுவுடையது. விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பள்ளி இறுதி முடித்தவர்களை வாழ்நாள் முழுக்கப் பின்தொடரும் ஒரு பெரிய ஆய்வு உண்டு. 2004இல் அவர்களிடம் தொண்டு செய்வதற்கான காரணத்தையும் கேட்டார்கள். நான்கு ஆண்டு கழித்துப் பார்த்தால், பிறருக்காகத் தொண்டு செய்தவர்களிடையே இறப்பு குறைவு. தனக்கு நல்லது, மனம் லேசாகும் என்று செய்தவர்களோ தொண்டே செய்யாதவர்களைப் போலத்தான். நன்மை கருதிப் பரிவு காட்டுகிறவனிடம் நன்மை வருவதில்லை! பரிவு காட்டுங்கள், பலன் கிடைக்கும் என்று கூவி விற்கிற புத்தகங்களுக்கும் அலுவலகப் பயிலரங்குகளுக்கும் இதைவிடச் சங்கடமான செய்தி இருக்க முடியாது. என் கட்டுரைக்கும் இது சங்கடம்தான். ஒத்துக்கொண்டு மேலே போகிறேன்.

பரிவால் கெடுதலும் வரும். செவிலியர், ஆசிரியர், உளவளத்துணையாளர் என்று அடுத்தவர் வலியோடு தினமும் இருப்பவர்கள் களைத்துப்போவதை எல்லோரும் பார்க்கிறோம். டானியா சிங்கரும் ஓல்கா கிளிமெக்கியும் இதை ஆய்வகத்துக்குக் கொண்டுபோனார்கள். துன்பப்படும் மனிதர்களின் படக்காட்சிகளைக் காட்டி, முதலில் அந்த வலியைத் தன் வலியாக உணரப் பழக்கினார்கள். பழகியவர்களுக்கு மனச்சோர்வு கூடியது. பிறகு அதே ஆட்களுக்கு, அந்த மனிதர் நன்றாக இருக்க வேண்டும் என்ற அக்கறையை வளர்க்கும் பயிற்சி கொடுத்தார்கள். சோர்வு இறங்கியது, நல்லுணர்வு திரும்பியது, மூளையில் வேலைசெய்த பகுதிகளே வேறாக இருந்தன. நோவதோடு நின்றுவிட்டால் சேதம், அக்கறையாக மாறினால் வரவு. செல்பேசியில் நாள் முழுக்க அடுத்தடுத்துத் துயரக் காட்சிகளைத் தள்ளிக்கொண்டே போகிறவருக்கு நோவு மட்டும்தான் மிஞ்சுகிறது. கை நீட்ட அங்கே யாரும் இல்லை.

*

இதுவரை தனி மனிதர்களைப் பார்த்தோம். ஒரு தொழிற்சாலைக்கு இது பொருந்துமா?

பரிவு இல்லாமல் போனதற்கு என்ன விலை என்பதைத் திருவள்ளூர் மாவட்டம் பக்கத்திலிருந்தே பார்த்தது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஃபாக்ஸ்கான் நிறுவனத்தின் ஐபோன் ஆலை. சுமார் 17 ஆயிரம் பேர் வேலை பார்த்த இடம். ஐபோன் பூட்டும் வரிசைகளில் பெரும்பாலும் வெளி மாவட்டங்களிலிருந்து வந்த இளம்பெண்கள். ஒப்பந்தக்காரர்கள் நடத்திய விடுதிகளில் தங்கி, கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போய்வருபவர்கள். 2021 டிசம்பர் நடுவில் பூந்தமல்லியை ஒட்டிய ஒரு விடுதியில் சாப்பிட்டவர்களுக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும். 159 பேரை மருத்துவமனையில் சேர்க்க வேண்டி வந்தது. மற்ற பெண்களுக்கு அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று தகவல் இல்லை. சிலர் இறந்துவிட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வதந்தி கிளம்பியது. டிசம்பர் 17 இரவு அந்தப் பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள்.

யாரும் இறக்கவில்லை. கெட்டுப்போன உணவு ஒரு நாள் கோளாறு. சாலைக்கு வரவழைத்தது அதற்கு முன்பிருந்த பல நாட்கள். தரையில் நெருக்கிப் படுத்தது, கழிப்பறையில் தண்ணீர் வராதது, சோற்றைப் பற்றிச் சொல்லியும் கேட்க ஆள் இல்லாதது. அன்றிரவு விடுதிக்கு வந்து, உங்கள் தோழிகள் இந்த மருத்துவமனையில் இந்த வார்டில் இருக்கிறார்கள், வாருங்கள் பார்க்கலாம் என்று நம்பத்தகுந்த ஒருவர் கூப்பிட்டிருந்தால் வதந்தி அங்கேயே செத்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அப்படி ஒருவரை நிர்வாகம் வளர்த்து வைத்திருக்கவில்லை. ஆலை மூடப்பட்டது. டிசம்பர் 29 அன்று ஆப்பிள் நிறுவனம் அந்த ஆலையை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைப்பதாக அறிவித்தது. 2022 ஜனவரி 12 அன்று, சில நூறு பேரோடுதான் மீண்டும் திறக்க முடிந்தது. மூன்று வாரத்துக்குமேல் உற்பத்தி இல்லை. பிறகு வல்லம் வடகாலில் சிப்காட் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பு கட்டியது; 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்தார்கள். விடுதிக் குழாயில் தண்ணீர் வராததைக் காலத்தில் காதில் வாங்கியிருந்தால் ஆகியிருக்கக்கூடிய செலவை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

பரிவைப் பேசும் கண்ணோட்டம் என்ற அதிகாரத்தை வள்ளுவர் அறத்துப்பாலில் வைக்கவில்லை. பொருட்பாலில், அரசியலில், 58ஆவதாக வைத்தார். ஒற்றர்களைப் பற்றிப் பேசுவதற்கு முந்தைய இடம் அது. ஆளுகிறவனுக்கு அது அலங்காரமாக இல்லாமல் ஆளும் கருவியாகவே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அடுத்தவர் நிலையை உணர்வது ஒரு வகைச் செய்தி அறிதல். ஆலை மேலாளருக்கு அது இருந்தால் மேஜைக்கு வராத தகவலெல்லாம் வரும்.

கும்மிடிப்பூண்டி, காக்களூர், அம்பத்தூர் முதலாளிகள் இதை இரண்டு முறை அனுபவத்தில் படித்தார்கள். 2020 மே மாதம், கொரோனா ஊரடங்கில், பீகாருக்கும் ஒடிசாவுக்கும் போக வேண்டியவர்கள் வெயிலில் ஜிஎன்டி சாலையில் எளாவூர் சோதனைச்சாவடியை நோக்கி நடந்தார்கள். போனவர்களைத் திரும்ப அழைத்துவர, சில மாதங்களில் சென்னை வட்டாரத்துக் கட்டுமான நிறுவனங்கள் விமானச் சீட்டு எடுத்துக்கொடுத்தன. 2023 மார்ச்சில், ஹோலிப் பண்டிகைக்குச் சற்று முன், வடமாநிலத் தொழிலாளர் தமிழ்நாட்டில் தாக்கப்படுவதாகப் பொய் வீடியோக்கள் பரவின. காவல்துறை இந்தியில் பேசி நம்பிக்கை ஊட்ட வேண்டியிருந்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்துப் பொய் என்று சொல்லிப் போனது. ஒவ்வொரு ஆலையிலும் அந்த வாரம் நடந்தது ஒரு பரீட்சை. மேஸ்திரியின் வார்த்தையை நம்புவதா, போனில் வந்த வீடியோவை நம்புவதா என்று தொழிலாளி முடிவெடுக்க வேண்டும். அந்த நம்பிக்கையை அந்த வாரத்தில் போய்ச் சம்பாதிக்க முடியாது.

*

கடைசியாகச் சூளைகள். செங்குன்றம், பெரியபாளையம், வெங்கல் பக்கம் செங்கல் சூளையைச் சேம்பர் என்பார்கள். ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வருகின்றன. அங்கே நுவாகாய் என்னும் புதுநெல் விழாச் சமயத்தில் சர்தார் என்னும் ஆள்பிடிக்கும் தரகர் முன்பணம் கொடுப்பார். கணவன், மனைவி, ஒரு பிள்ளை சேர்ந்தது ஒரு பத்துரியா. முன்பணம் பத்துரியாக் கணக்கில்தான். மழை ஓய்ந்து வந்தால் ஜூன் வரை கல் அறுப்பு. விடியுமுன் மண் மிதித்துக் குழைத்து, அச்சில் மணல் தூவி, களிமண்ணை அடித்து நிரப்பி, தரையில் வரிசையாகக் கவிழ்ப்பார்கள். கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று. கவிழ்த்த கல் ஒரு பக்கம் காய்ந்ததும் திருப்பிப் போட வேண்டும். இந்த வேலைக்குப் பிள்ளைகளை விடுவார்கள். காரணம் எளிது: பிள்ளைகள் எடை குறைவு, அரைகுறையாய்க் காய்ந்த கல்மேல் நடந்தாலும் கல் உடையாது.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து திருவள்ளூர் சூளைகளில் ஒடியா மொழிப் பள்ளிகள் நடந்தன. அனைவருக்கும் கல்வி இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தியவை. ஒடிசாவிலிருந்து ஆசிரியர்கள் வந்தார்கள், ஒடியாப் பாடநூல்கள் வந்தன. ஊர் திரும்பும்போது பிள்ளை விட்ட வகுப்பைத் தொடரலாம். சூளை உரிமையாளர் சங்கங்கள் ஒத்துழைத்தன, கொட்டகைக்கு இடம் கொடுத்தன. எல்லாம் இரக்கத்தால் என்று நான் சொல்லவில்லை. 2009இன் கல்வி உரிமைச் சட்டமும் அதிகாரிகள் வந்து பார்ப்பார்கள் என்ற பயமும் இருந்தன. ஆனாலும் கணக்கு உரிமையாளர் பக்கமும் கூடியது. பிள்ளை பாதுகாப்பாக ஓரிடத்தில் இருந்தால் தாய் நிமிடத்துக்கொருமுறை சூளை வாயைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. கல் எண்ணிக்கை அவளுக்கும் கூடும், உரிமையாளருக்கும் கூடும்.

இங்கேதான் எச்சரிக்கை தேவை. இதே மாவட்டத்துச் சூளைகளிலிருந்து, 1976ஆம் ஆண்டுக் கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டத்தின் கீழ் நூற்றுக்கணக்கானவர்களை அதிகாரிகள் மீட்டிருக்கிறார்கள். தீபாவளிக்குப் புதுத்துணி எடுத்துக்கொடுத்து, காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கிக்கொடுத்து, கணக்கு முடிக்கும்போது கல் எண்ணிக்கையில் கைவைக்கிற முதலாளியும் தன்னை நல்லவன் என்றுதான் நினைத்துக்கொள்வான். அவனுக்கும் அந்த மனநிறைவு கிடைக்கும். கொடுப்பவருக்கு மகிழ்ச்சி உண்டு என்பதை நிரூபிக்கிற ஆய்வுகள், கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாரா என்று கேட்பதில்லை. கூலி பாக்கியை வைத்துக்கொண்டு காட்டும் பரிவில் வரவு எல்லாம் ஒரே பக்கம்.

எனவே ஆய்வாளர்கள் சூளையில் செய்ய வேண்டிய கணக்கு ஒன்று மிச்சம் இருக்கிறது. பள்ளி நடந்த சேம்பரையும் நடக்காத சேம்பரையும் எடுத்துக்கொள்ளலாம். கணக்கைச் சரியாக முடித்து அனுப்பிய முதலாளியையும் இழுத்தடித்தவரையும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த நுவாகாய்க்குப் பிறகு, முன்பணக் கடன் கழுத்தில் இல்லாத எத்தனை பத்துரியாக்கள் தாமாக விரும்பி அதே சேம்பருக்குத் திரும்பின என்று எண்ண வேண்டும். உரிமையாளரின் பழைய நோட்டும் சர்தாரின் நினைவும் இருந்தால் போதும். மூளையைப் படமெடுக்கும் கருவி தேவைப்படாது.